பாபேலின் பெயர்க்காரணம்

தமிழ் விவிலியத்தை வாசிப்பவருக்குப் பாபேல் வேறு, பாபிலோன் வேறு. பாபேல் என்றதும் ஆதியாகமத்தின் 11ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். வானளாவும் கோபுரம் கட்ட முனைந்த மனிதர்களின் பேச்சு குலைந்துபோன இடம் அது. பாபிலோன் என்றால் நேபுகாத்நேச்சாரின் தலைநகரம். எருசலேமைத் தீக்கிரையாக்கி யூதர்களைச் சிறைபிடித்துச் சென்ற பேரரசு. ஒன்று ஆதிகாலக் கதை, மற்றொன்று வரலாறு என்று நாம் பிரித்து வைத்துக்கொள்கிறோம். எபிரேய மூலத்திலோ இரண்டும் ஒரே சொல். ஐரோப்பிய மொழிபெயர்ப்புகளின் வழியே வந்த இந்தப் பிரிவினை, அந்தக் கதையின் கூர்மையான பகுதியை நம் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. கோபுரக் கதையைச் சொன்னவர் யாரும் அறியாத ஒரு தொல்லூரைப் பற்றிப் பேசவில்லை. அக்காலத்து மேற்காசியாவிலேயே புகழ்பெற்ற ஒரு நகரத்தின் பெயரை எடுத்து, அதற்கு அந்நகரத்தார் சொல்லிவந்த காரணத்தைத் தள்ளிவிட்டு, வேறொரு காரணத்தை வைத்தார். ஒரே பெயருக்கு இரண்டு மக்கள் இரண்டு காரணம் சொன்னார்கள். இரண்டும் கடவுளைப் பற்றியவை. மொழியியலோ இரண்டையும் ஏற்க மறுக்கிறது. அப்படியானால் பெயர்க்காரணத்தின் மீது நிற்கும் சமய உண்மை என்னவாகிறது என்ற கேள்வி எழுகிறது. அது பொய்த்துப்போவதில்லை என்பது என் கருத்து. ஆனால் அது எதற்குச் சான்று, எதற்குச் சான்றாகாது என்பதை மிகுந்த கவனத்தோடு வரையறுக்க வேண்டும்.

முதலில் நகரத்தாரின் பக்கம். பாபிலோனியர் தங்கள் ஊர்ப்பெயரை எப்படிக் கேட்டார்கள் என்பதில் ஐயமில்லை. அக்காடிய மொழியில் பாபு என்றால் வாயில், இலு என்றால் கடவுள். பாப்-இலி, கடவுளின் வாயில். எழுதும்போது இதையே சுமேரியக் குறிகளால் 'கா-திங்கிர்-ரா' என்று எழுதினார்கள். கா என்பது வாயில், திங்கிர் என்பது கடவுள். கி.மு. 3ஆம் ஆயிரமாண்டின் பிற்பகுதியில் ஆண்ட அக்காத் அரசன் ஷார்-கலி-ஷர்ரியின் ஆண்டுப்பெயர் ஒன்றிலேயே இந்த எழுத்துமுறை காணப்படுகிறது. அவர்களுக்கு இது வெறும் எழுத்து அலங்காரமாக இருக்கவில்லை. பெயரை விரித்துப் பார்த்தால் பொருளின் இயல்பு வெளிப்படும் என்பது மெசபொத்தாமியப் புலவர்களின் அறிவுமுறைக்கே அடிப்படை. படைப்புக் காவியமான 'ஏனுமா ஏலிஷ்' மார்துக் தெய்வத்தின் 50 பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி விளக்குவதோடு நிறைவுறுகிறது. 'திந்திர்' என்ற தொகுப்பின் முதல் பலகை பாபிலோன் நகருக்கே 51 பெயர்களைப் பட்டியலிடுகிறது. அசையைப் பிரித்து, குறியைப் பிரித்து, ஒவ்வொரு துணுக்கிலும் ஒரு தெய்வச் செய்தியைக் கண்டெடுப்பதை அவர்கள் வழிபாட்டுக்கு நிகரான செயலாகக் கருதினார்கள்.

இந்தக் கேள்விமுறையிலிருந்து ஒரு முழு இறையியல் எழுந்தது. படைப்புக் காவியத்தில், ஆதிக்கடல் தெய்வமான தியாமத்தை வென்ற பின் மார்துக் தனக்கு ஓர் இல்லம் அமைப்பதாக அறிவிக்கிறான். கீழே அப்சு நீரிலிருந்து ஏறிவரும் தெய்வங்களும், மேலே வானிலிருந்து இறங்கிவரும் தெய்வங்களும் அவைகூடும்போது தங்குவதற்கான இடம் அது. அதற்குப் பாபிலோன் என்று அவனே பெயரிடுகிறான். தெய்வங்களே ஓராண்டு செங்கல் அறுத்து எசகிலா கோயிலை எழுப்புகின்றன. பக்கத்தில் நின்ற படிக்கோபுரத்தின் பெயர் எதெமெனாங்கி. வானுக்கும் மண்ணுக்கும் அடித்தளமான வீடு என்பது அதன் பொருள். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைப் புதுப்பித்த நபோபொலாசர், அடித்தளம் பாதாளத்தில் ஊன்றவும் உச்சி வானத்தோடு போட்டியிடவும் மார்துக் தனக்கு ஆணையிட்டதாகத் தன் கல்வெட்டில் சொல்கிறான். வானும் மண்ணும் பாதாளமும் ஒரே நேர்கோட்டில் திறந்திருக்கும் இடம் இது, மனிதர் தெய்வத்தை அணுக ஒரு வாசல் உண்டு, அந்த வாசல் இங்கே இருக்கிறது என்பதே அந்நகரத்தாரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை முழுவதையும் ஊர்ப்பெயரின் இரண்டு அசைகள் தாங்கி நின்றன.

ஆனால் அந்த இரண்டு அசைகள் அப்படிப் பிறந்தவை அல்ல என்று கருதுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஆப்பெழுத்து அறிஞர் இக்னஸ் கெல்ப் 1955இல் பாபிலோனின் பெயரைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதை எடுத்துக்காட்டினார். பெயரின் பழைய வடிவம் பாபில் அல்லது பாபில்லா. அது சுமேரியச் சொல்லும் அல்ல, அக்காடியச் சொல்லும் அல்ல. அவ்விரு மொழிகளுக்கும் முன்பே அந்த நிலத்தில் வழங்கிய ஏதோ ஒரு மொழியின் எச்சம். செமித்திய மொழி பேசியவர்கள் வந்து அந்த ஒலியைக் கேட்டபோது, தங்கள் காதுக்குப் பழக்கமான வாயிலும் கடவுளும் அதில் கேட்டன. பின்பு அந்தப் பொருளைச் சுமேரியத்துக்குப் பெயர்த்து எழுதினார்கள். மொழிபெயர்ப்பு மூலத்தைவிடப் பழமையான தோற்றம் கொண்டுவிட்டது. சுமேரியம் புனித மொழியாயிற்றே! இதே நிகழ்வு வடக்கே இன்னொரு நகரத்திலும் நடந்திருக்கிறது. இன்று ஈராக்கின் எர்பில் என்று வழங்கும் ஊர், கி.மு. 3ஆம் ஆயிரமாண்டின் ஆவணங்களில் உர்பிலும் போன்ற வடிவங்களில் வருகிறது. அசீரியர்களோ அதை அர்பா-இலு என்று கேட்டு, நான்கு கடவுளரின் ஊர் எனப் பொருள்படும் குறிகளால் எழுதினார்கள். ஒலி முன்னே வந்தது, கடவுள் பின்னே வந்தார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எழுத்துமுறையே அக்காத் பேரரசுக் காலத்தில் கடவுளின் வாயில் என்றிருக்கும்போது, அதற்கு முந்தைய மொழி ஒன்றை ஏன் கற்பனை செய்ய வேண்டும்? கெல்ப் சொன்னது ஊகம், நிரூபணம் அல்ல என்று ஒருவர் வாதிடலாம். ஊகம் என்பதை ஏற்கிறேன். பெயர் தெரியாத ஒரு மொழியின் பொருள் தெரியாத சொல்லை யாரும் கையில் எடுத்துக் காட்ட முடியாது. ஆயினும் 'இல்லா' என முடியும் ஊர்ப்பெயர்கள் அப்பகுதியில் வேறும் இருப்பதும், எர்பிலில் அதே மாற்றம் நடந்திருப்பதும் இந்த ஊகத்துக்குக் கனம் சேர்க்கின்றன. என் வாதத்துக்கோ அது முற்றாக நிரூபணமாக வேண்டும் என்ற தேவைகூட இல்லை. ஒருவேளை பாப்-இலி தான் முதல் பொருள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் பெயர் காட்டுவது ஒன்றைத்தான்: அவ்விடத்தில் கடவுளின் வாயில் இருப்பதாக முதல் குடிகள் நம்பினார்கள். வாயில் உண்மையிலேயே அங்கிருந்ததா என்பதைப் பெயரின் முதுமை தீர்மானிக்காது. பழைய நம்பிக்கையும் நம்பிக்கையே.

எபிரேயக் கதை இந்த இடத்தில்தான் நுழைகிறது. பாபேல் என்ற ஒலியை அது பாலல் என்ற வினையோடு சேர்த்துக் கேட்கிறது; கலத்தல், குழப்புதல் என்பது அதன் பொருள். தமிழ் மொழிபெயர்ப்பு தாறுமாறு என்ற சொல்லை ஆள்கிறது. கடவுள் அங்கே மொழியைத் தாறுமாறாக்கியதால் அந்த இடத்துக்கு அந்தப் பெயர் என்று கதை முடிகிறது. எபிரேய இலக்கணப்படி பாலல் என்ற வேரிலிருந்து பாபேல் என்ற வடிவம் நேராகப் பிறக்க வழியில்லை. ஒலிநெருக்கம் மட்டுமே இருக்கிறது. ஆனால் கதை எவ்வளவு நுட்பமாகத் தாக்குகிறது என்று பாருங்கள். கல்லுக்குப் பதில் செங்கல், சாந்துக்குப் பதில் நிலக்கீல் என்று அது சொல்வது மெசபொத்தாமியக் கட்டுமானத்தை நேரில் அறிந்தவரின் பேச்சு. பாபிலோனியக் காவியத்தில் தெய்வங்கள் அறுத்த செங்கல்லை இங்கே மனிதர் அறுக்கிறார்கள். வானத்தைத் தொடும் உச்சி என்பது பாபிலோனிய அரசர்கள் தங்கள் கோபுரத்தைப் பற்றிப் பெருமையோடு சொன்ன பேச்சு. அந்த உச்சியைப் பார்க்கக் கடவுள் கீழே இறங்கி வரவேண்டியிருக்கிறது என்று கதை சொல்லும்போது, கோபுரம் எவ்வளவு தாழ்வானது என்பது விளங்கிவிடுகிறது. பாலலு என்ற வினை அக்காடியத்திலும் கலத்தல் என்ற பொருளில் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நகரத்தார் தங்கள் மொழியிலேயே வைத்திருந்த ஒரு சொல்லால்தான் அவர்களுடைய பெயர் திருப்பப்பட்டது.

ஆக, ஒரே ஒலியில் இரண்டு இறையியல்கள் மோதுகின்றன. தெய்வத்தை அணுகும் வாசல் ஒரு நகரத்தின், ஓர் அரசின், ஒரு கோயிலின் கைவசம் இருக்கிறது என்கிறது ஒன்று. எந்த நகரமும் அந்த வாசலைக் கட்டிவைத்துச் சொந்தம் கொண்டாட முடியாது; அப்படிக் கொண்டாடும் இடத்தில் மனிதர் ஒருவர் பேச்சை ஒருவர் புரிந்துகொள்ளும் வழியையே இழப்பார்கள் என்கிறது மற்றொன்று. இவற்றில் எது சரி என்று அகராதியிடம் கேட்டுப் பயனில்லை. நம் இலக்கணிகள் பெயர்களை இடுகுறி, காரணம் என்று பிரித்ததும், சொல்லுக்குப் பொருள் அமைந்த காரணம் பார்த்தவுடன் புலப்படாது என்று தொல்காப்பியர் எச்சரித்ததும் இங்கே துணைக்கு வருகின்றன. நமக்கு எட்டும் அளவில் பாபில் இடுகுறிதான்; அதற்கு ஒரு காரணம் இருந்திருந்தாலும் அது அந்த முதல் மொழியோடு போய்விட்டது. அந்த வெற்றிடத்தில்தான் இரண்டு மக்கள் தங்கள் கடவுளை வைத்தார்கள்.

மறைநூல் சொன்ன காரணத்தை மொழியியல் மறுத்தால் மறைநூலே பொய்யாகிவிடாதா என்று பற்றுள்ள வாசகர் கலங்கலாம். அந்தக் கலக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அது தேவையற்றது. ஆதியாகமம் முழுவதும் பெயர்கள் இந்த முறையில்தான் விளக்கப்படுகின்றன. ஈசாக்கின் பெயரில் சிரிப்பு கேட்கிறது, யாக்கோபின் பெயரில் குதிகால் கேட்கிறது. அகராதி தொகுப்பது அந்த ஆசிரியர்களின் வேலையாக இருக்கவில்லை. ஒரு பெயரைக் கேட்கும்போது நினைவில் வைத்திருக்க வேண்டியது எது என்பதையே அவர்கள் சொன்னார்கள். இந்த வகைப் பேச்சை வேர்ச்சொல் ஆய்வாகப் படித்து அதற்காக வாதாடுபவர், வேர்ச்சொல் ஆய்வாகப் படித்து அதைக் கேலிசெய்பவரைப் போலவே பிழைபடுகிறார். இருவரும் அது கேட்காத கேள்விக்கு அதனிடம் விடை தேடுகிறார்கள்.

பெயரின் பொருள் கேட்பவரிடம் இருக்கிறது என்பதற்கு, அந்தப் பெயரின் பிற்கால வாழ்வைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஐந்நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர், 10ஆம் அதிகாரத்தில் பாபிலோன் என்று ஊர்ப்பெயராகவே விட்டதை 11ஆம் அதிகாரத்தில் சிங்குசிஸ், அதாவது குழப்பம், என்று பொருளாக மாற்றிவிட்டார்கள். ஒலிநயத்தைக் கிரேக்கத்தில் காக்க முடியாததால் ஊரையே இழந்து பொருளைக் காத்தார்கள். அந்த மொழிபெயர்ப்பைக் கொண்டு அலெக்சாந்திரியாவின் பிலோன் மொழிக் குழப்பம் பற்றித் தனி நூலே எழுதினார். அவருக்கு அது ஆன்மாவின் தீமைகளைப் பற்றிய தத்துவமாயிற்று. எரேமியாவின் நூலில் அதே பெயர் சேசாக் என்று ஒளிந்துகொள்கிறது. எபிரேய நெடுங்கணக்கின் முதல் எழுத்துக்குக் கடைசி எழுத்து, இரண்டாவதற்குக் கடைசிக்கு முந்தையது என மாற்றி எழுதும் முறை அது. புதிய ஏற்பாட்டின் வெளிப்படுத்தின விசேஷத்தில் பாபிலோன் என்பது ரோமைக் குறிக்கிறது. ஊர் மாறிவிட்டது, பெயரின் பாரம் மட்டும் இடம் பெயர்ந்திருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் தொடுவது தால்முத் தரும் சான்று. சிறைப்பட்டுப் போன யூதர்களின் வழித்தோன்றல்கள் பாபிலோனியாவில் நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள்; யூத சமயத்தின் மாபெரும் நூலான பாபிலோனியத் தால்முத் அங்கேதான் உருவாயிற்று. சிறைவாசத்தின் பெயர் கல்வியின் பெயராகிவிட்டது. அப்போது குழப்பம் என்ற அந்தப் பழைய பொருளை என்ன செய்வது? சன்ஹெத்ரின் என்ற பகுதியில் ரப்பி யோகனான் ஒரு விளக்கம் தருகிறார். பாபேல் என்றால் கலந்தது. மறைநூல் கலந்தது, மிஷ்னா கலந்தது, தால்முத் கலந்தது. அதே பாலல், அதே வேர், அதே ஒலிநெருக்கம். ஆனால் சாபமாகக் கேட்டது இப்போது செழிப்பாகக் கேட்கிறது. ஆதியாகமத்தின் சொற்பொருளை அவர் மறுக்கவில்லை. அதற்குள்ளேயே நின்று, கலத்தல் என்பதற்கு இருக்கும் இன்னொரு முகத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு மக்கள்கூட்டம் பகையின் நகரத்தில் தன் கடவுளைத் தொடர்ந்து கண்டுகொண்டது என்பதன் பதிவு இது. எந்த வேர்ச்சொல் அகராதியாலும் இதைத் தரவும் முடியாது, பறிக்கவும் முடியாது.

மறுபுறம், எந்தக் காரணமும் இல்லாமலே அந்தப் பெயர் வெகுதூரம் நடந்திருக்கிறது. பாரசீக அரசன் முதலாம் தாரியஸ் தன் பெகிஸ்தூன் கல்வெட்டில் பாபிருஷ் என்று பொறித்தான். அவன் மொழி லகரத்தை ரகரமாக்கிவிட்டது. அந்த ரகரத்தோடே பெயர் இந்தியாவுக்கும் வந்தது. பாலி ஜாதகக் கதைகளில் பாவேரு என்றொரு நாடு வருகிறது. அங்கே பறவைகளே இல்லை. இந்திய வணிகர் கொண்டுபோன காகத்தை அந்த மக்கள் வியந்து போற்றுகிறார்கள், அடுத்த முறை மயில் வந்ததும் காகத்தை மறந்துவிடுகிறார்கள். பாவேரு என்பது பாபிலோனே என்பது அறிஞர்களின் கருத்து. அந்தக் கதையைச் சொன்ன பௌத்தருக்கு அப்பெயரில் வாயிலும் கேட்கவில்லை, குழப்பமும் கேட்கவில்லை. அது கடலுக்கு அப்பால் ஒரு நாடு, அவ்வளவுதான். குர்ஆனில் ஹாரூத், மாரூத் என்ற இரு வானவரோடு சேர்ந்து பாபில் வருகிறது. இன்றைய ஈராக்கில் ஹில்லா நகரைத் தலைநகராகக் கொண்ட மாகாணத்தின் பெயரும் பாபில்.

ஒவ்வொருவரும் தம் காதில் விழுந்ததைப் பொருளாகக் கொள்ளலாம் என்றால், எந்தக் கேள்விமுறையும் சரியாகிவிடாதா? ஒலி ஒப்புமையை வைத்துக்கொண்டு மேற்காசியாவின் ஊர்ப்பெயர்களை எல்லாம் தமிழ் என்று நிறுவும் எழுத்துகளும் இதே உரிமையைக் கோரலாமே? இதுதான் எனக்குத் தோன்றும் மிகக் கடுமையான மறுப்பு. இதற்கு விடை, இருவேறு செயல்களைப் பிரிப்பதில் இருக்கிறது. ஒரு பெயர் எங்கே, எந்த மொழியில், எப்படித் தோன்றியது என்று சொல்பவர் வரலாறு பேசுகிறார். அவர் பழைய எழுத்துவடிவங்களைக் கால வரிசையில் காட்ட வேண்டும். ஒலி மாறிய முறைக்கு விதி சொல்ல வேண்டும். அந்த மொழி பேசியோர் அங்கே வாழ்ந்ததற்குத் தடயம் தர வேண்டும். இவை இல்லாத ஒலி ஒப்புமை, தமிழின் பெயரால் சொல்லப்பட்டாலும், தமிழுக்குச் செய்யும் தீங்குதான். நம் மொழியின் உண்மையான தொன்மைக்கு இருக்கும் நல்ல சான்றுகளின் மீதும் அது ஐயத்தைப் படியவைக்கிறது. ஒரு பெயரைக் கேட்கும்போது தம் கடவுளைப் பற்றித் தமக்கு என்ன தோன்றுகிறது என்று சொல்பவர் சாட்சியம் பேசுகிறார். அவரிடம் கேட்க வேண்டிய சான்று வேறு: அவர் கேட்ட பொருள் அவர் மரபின் பிற நூல்களோடு இசைகிறதா, அது மனிதரை எங்கே கொண்டுசெல்கிறது என்பவை. சாட்சியம் வரலாற்றின் உடையை அணிந்து நிலத்துக்கும் மேன்மைக்கும் உரிமைப் பத்திரமாக நிற்கும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. பாபிலோனியர் செய்தது அதையே. தங்கள் நம்பிக்கையைச் சுமேரியக் குறிகளில் எழுதி, அதை உலகின் தொடக்கத்திலேயே மார்துக் இட்ட பெயராக்கி, தங்கள் நகரை எல்லா நகரங்களுக்கும் தலையாக்கினார்கள்.

பாபேல் கதையை நம்பியவர்களும் அதே தவற்றில் விழுந்ததுண்டு. மொழிகள் பல என்பது கடவுள் இட்ட தண்டனை, ஒரே மொழி பேசுவதே மனிதகுலத்தின் ஆதி நலம் என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. ஏதேனில் பேசிய அந்த ஒரு மொழி எது என்று தேடி எத்தனையோ பேர் நூல் எழுதினார்கள். பெயரின் காரணத்தைச் சாட்சியமாகக் கொள்ளாமல் வரலாறாகக் கொண்டதன் விளைவு அது. அந்த வாசிப்பை மறைநூலே தாங்குவதில்லை. ஆதியாகமத்தின் 10ஆம் அதிகாரம் நோவாவின் மைந்தர் வழிவந்த மக்களை வரிசைப்படுத்தும்போது, அவரவர் நாடு, அவரவர் குலம், அவரவர் மொழி என்று மும்முறை சொல்கிறது. கோபுரம் அதற்கு அடுத்த அதிகாரத்தில்தான் வருகிறது. பல மொழிகள் அங்கே தண்டனையின் சாயலே இல்லாமல், பெருகிப் பரவும் வாழ்வின் இயல்பாக நிற்கின்றன. இரண்டு அதிகாரங்களையும் அருகருகே வைத்தவர்கள் இந்த முரணைப் பார்க்காமல் வைத்திருக்க முடியாது.

அப்போஸ்தலர் நடபடிகளின் 2ஆம் அதிகாரத்தில், பெந்தெகொஸ்தே நாளன்று எருசலேமில் கூடியிருந்தவர்களின் பட்டியல் வருகிறது. பார்த்தர், மேதர், ஏலாமியரோடு மெசபொத்தாமியாவில் குடியிருப்போரும் அதில் இருக்கிறார்கள். சீடர்கள் பேசியதைக் கேட்டுக் கூட்டம் கலங்கிற்று என்று சொல்ல நூலாசிரியர் எடுத்தாளும் கிரேக்க வினை, எழுபதின்மர் பாபேல் கதையில் மொழி குழம்பியதற்கு ஆண்ட அதே வினை. ஆனால் இங்கே மொழிகள் மீண்டும் ஒன்றாகவில்லை. பாபேலின் நிலத்திலிருந்து வந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கடவுளின் செயல்களைத் தாங்கள் பிறந்த மொழியிலேயே கேட்டார்கள். கூட்டத்தைக் கலங்கவைத்ததே அதுதான்.